உறைபனி உண்டு, தளம் இல்லை: ஊட்டியிலிருந்து ஒரு ஸ்கேட்டிங் இணை புறப்பட முடியுமா?

தை பிறப்பதற்கு முந்தைய வாரங்களில், ஊட்டியில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கை வெள்ளையாக இருக்கும். கல் உப்பைப் பொடித்துத் தூவியதுபோல. விரலால் சுரண்டினால் நகக்கண் விறைத்துப்போகும். காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்வெளி முழுக்க வெள்ளை விரிப்பு. மலையில் பிழைப்பவர்களுக்கு அது மகிழ்ச்சியான காட்சி இல்லை. தேயிலைக் கொழுந்து கருகும், காய்கறித் தோட்டம் வாடும், செடிகளை முதல் நாள் மாலையே செத்தை போட்டு மூட வேண்டும். கீழேயிருந்து வரும் பிள்ளைகளுக்கோ அது திருவிழா. சென்ற குளிர்காலத்தில் தலைகுந்தாவில் ஒரு சிறுமி ஓடிவந்து, செருப்போடு இரண்டு முழம் சறுக்கி நின்று, "அப்பா, டிவியில ரெண்டு பேர் கைகோத்துக்கிட்டு ஐஸ்ல ஆடுவாங்களே, அத இங்க ஆட முடியாதா?" என்று கேட்டாள். அப்பா சிரித்துவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்.

எனக்கு அந்தக் கேள்வியை விட்டுவிட மனம் வரவில்லை. அவள் கேட்டது இணை ஸ்கேட்டிங்கைப் பற்றி. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே உடல்போல் சறுக்கி, ஒருவர் மற்றவரைத் தலைக்கு மேல் தூக்கி, எறிந்து, பிடித்து ஆடும் போட்டி அது. அந்தப் போட்டியில் ஒருவர் எப்படி உருவாகிறார், நம் நாட்டில் யாராவது உருவானார்களா, ஊட்டி மாதிரி ஓர் ஊரில் அது நடக்க என்ன குறைகிறது? கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தபின் எனக்கு ஒரு முடிவு தெளிவாக இருக்கிறது. நாம் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். குறை குளிரில் இல்லை.

ஒரே உயரம், இரண்டு ஊர்

இருந்தாலும் குளிரிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். சிம்லா ஏறக்குறைய 2,200 மீட்டர். உயரத்தில் அக்காள் தங்கை. சிம்லாவில் 1920 முதல் திறந்தவெளிப் பனித்தளம் இருக்கிறது. டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் பிளெஸ்ஸிங்டன் என்ற ஆங்கிலேயர் தண்ணீரை விட்டு உறையவைத்துத் தொடங்கினார் என்பார்கள். இன்றும் குளிர்காலத்தில் மாலையில் தளத்தின்மேல் மெல்லிய படலமாகத் தண்ணீர் விடுகிறார்கள், இரவில் அது உறைகிறது, வெயில் ஏறும் முன் சறுக்குகிறார்கள். மலைச்சரிவின் நிழல் அதைக் காக்கிறது. வானம் மேகம் போட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. சூடு கூடிக்கொண்டே போவதால் ஆடக் கிடைக்கும் நாட்களும் குறைந்துகொண்டே வருகின்றன.

ஊட்டியில் இது ஏன் நடக்கவில்லை? சிம்லா நிலநடுக்கோட்டிலிருந்து 31 பாகை வடக்கே, நாம் 11 பாகையில். நம் உறைபனி தரையின் மேல்தோலில் மட்டும் நடப்பது. மேகமற்ற, காற்றசையாத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் பனித்துகளாகப் படிகிறது. குளிர்காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டைவிடத் தலைகுந்தா மாதிரிப் பள்ளங்களில் வெள்ளை அதிகம். ஆனால் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆங்கிலேய ஆட்சியர் சல்லிவன் காலத்தில் வெட்டிய ஊட்டி ஏரி அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரவெல்லாம் விட்டாலும் உறையும் நிலைக்கு வருவதில்லை. போட்டிக்கான பனித்தளம் என்பது 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், சில சென்டிமீட்டர் கனம், பூச்சியத்துக்குக் கீழே மூன்று முதல் ஐந்து டிகிரி. நம் ஸ்கூட்டர் இருக்கையில் படிவது அதற்கு உறவுமுறைகூட ஆகாது.

ஆங்கிலேயர்கள் தங்களுக்குப் பிடித்த விளையாட்டுகளையெல்லாம் இந்த மலைக்குச் சுமந்து வந்தவர்கள். நாய்ப்படையோடு குதிரை வேட்டை, பந்தயம், கோல்ஃப். ஸ்நூக்கருக்கு விதிமுறைகள் எழுதப்பட்டதே 1882இல் ஊட்டி கிளப்பில்தான். எழுதியவர் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி. அதே பெயரில் பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறொருவர். உலகத்துக்கு ஒரு விளையாட்டைக் கொடுத்த ஊர் இது. பனிக்கட்டியை மட்டும் அவர்களால் இங்கே விரிக்க முடியவில்லை. சமவெளிக்கு அது கப்பலில் வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகரின் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கடல்கள் தாண்டிக் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதி மக்கள் குளிர்காலத்தில் சறுக்கி ஆடுவதும் அப்படி உறைந்த குளங்களின்மேல்தான். சென்னையில் அதைத் தண்ணீரில் போட்டுக் குடித்தார்கள்.

இருவர் ஒருவராவதற்கு ஆகும் காலம்

இனி விளையாட்டுக்கு வருகிறேன். இணை ஸ்கேட்டிங் 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. முதல் தங்கம் ஜெர்மனியின் அன்னா ஹூப்ளர், ஹைன்ரிஷ் புர்கர் இணைக்கு. இன்று ஒரு போட்டியில் இரண்டு ஆட்டங்கள் உண்டு. குறும் ஆட்டம் 2 நிமிடம் 40 வினாடி, நெடிய ஆட்டம் 4 நிமிடம். அதற்குள் தூக்கல், எறிதாவல், தலைக்கு மேல் சுழற்றிப் பிடித்தல், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கணத்தில் தாவுதல், சேர்ந்து சுழல்தல் எல்லாம் வர வேண்டும். ஐஸ் டான்ஸ் என்ற இன்னொரு பிரிவும் இருவர் ஆடுவதுதான். அதில் தலைக்கு மேல் தூக்கலும் எறிதலும் கிடையாது.

மரணச் சுழல் என்றொரு அசைவு உண்டு. ஆண் தன் சறுக்குக் கத்தியின் முன்பல்லைப் பனியில் ஊன்றி, முழங்கால் மடித்து, அச்சாணி மாதிரி நிற்கிறான். அவன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு பெண் பின்னால் சாய்கிறாள். சாய்ந்து சாய்ந்து, உடல் பனிக்குக் கிடையாகி, தலைமுடி தளத்தைத் தொடும் அளவுக்கு இறங்கி, ஒரே ஒரு கத்தியின் ஓர விளிம்பில் அவனைச் சுற்றி வட்டமடிக்கிறாள். அவள் எடை முழுவதும் அவன் தோளில். அவன் இழுப்பதை ஓர் அங்குலம் தளர்த்தினால் அவள் பின்மண்டை பனியில் மோதும். அவள் விளிம்பை விட்டால் இருவரும் விழுவார்கள். யார் யாரைத் தாங்குகிறார் என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. கயிற்றில் கழைக்கூத்தாடும் பெண்ணையும் கீழே பறை தட்டிக்கொண்டு கண் எடுக்காமல் நிற்கும் புருஷனையும் பார்த்தவர்களுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

இந்த நம்பிக்கைக்கு விலையும் உண்டு. யெலேனா பெரெஷ்னயா 1996இல் ரீகாவில் பயிற்சியின்போது அப்போதைய துணையோடு பக்கத்தில் பக்கத்தில் சுழன்றாள். அவனுடைய கத்தி அவள் தலையைப் பிளந்தது. பேச்சே போய்விட்டது, மறுபடி கற்றுக்கொண்டாள். அன்டன் சிகருலிட்சே என்ற புதிய துணையோடு இரண்டே ஆண்டில் நாகானோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 2002இல் சால்ட் லேக் சிட்டியில் தங்கம். அந்தத் தங்கம் நடுவர் ஊழல் புகாரில் சிக்கி, கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்லெட்டியே இணைக்கும் இன்னொரு தங்கம் கொடுக்கப்பட்டது. அதையடுத்துதான் பழைய ஆறு புள்ளி மதிப்பெண் முறையே மாற்றப்பட்டது. டாட்யானா டோட்மியானினா 2004இல் பிட்ஸ்பர்க்கில் தூக்கலிலிருந்து நேரே தலைகுப்புற விழுந்து நினைவிழந்தாள். தூக்கியவன் மக்சீம் மரினின். பதினாறு மாதத்தில் அதே இருவர் டூரினில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்கள். விழுந்தவள் மறுபடி மேலே ஏறியதைவிட, விழவிட்டவன் மறுபடி அவளைத் தூக்கியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த விளையாட்டின் உச்சம் என்று இரினா ரோட்னினாவைச் சொல்வார்கள். 1969 முதல் 1978 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள். 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். முதலாவது அலெக்சேய் உலானோவோடு, மற்ற இரண்டும் அலெக்சாண்டர் சைட்செவோடு. 1973இல் பிராட்டிஸ்லாவாவில் ஆட்டத்தின் நடுவே இசை நின்றுபோனது. இருவரும் நிற்கவில்லை. அந்த அரங்கில் கத்திகள் பனியைக் கீறும் சத்தம் மட்டும் கேட்க, மீதி ஆட்டத்தை முடித்துப் பட்டமும் வென்றார்கள். இசையில்லாமல் இருவரும் ஒரே கணத்தில் தாவ வேண்டுமானால் தாளம் எங்கே இருந்திருக்க வேண்டும்!

ஆனால் நம்மைப் போன்ற இடத்திலிருந்து யோசிப்பவர்கள் படிக்க வேண்டிய வாழ்க்கை அல்யோனா சவ்சென்கோவுடையது. உக்ரைனில் பிறந்தவள். 2002 ஒலிம்பிக்கில் உக்ரைனுக்காக ஸ்டனிஸ்லாவ் மொரோசோவோடு ஆடினாள். பிறகு துணையில்லை. துணை தேடி ஜெர்மனிக்குப் போனாள். அங்கே ராபின் ஷோல்கோவி. தான்சானியத் தந்தைக்குக் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவன். இருவரும் சேர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள் வென்றும் 2010, 2014 இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலத்துக்கு மேல் ஏற முடியவில்லை. அவன் ஓய்வு பெற்றான். முப்பது வயதில் அவள் மறுபடி தொடங்கினாள், பிரான்ஸின் புரூனோ மாஸோவோடு. பிரான்ஸ் அவனை விடுவிக்கக் காத்திருந்தார்கள். ஒலிம்பிக்குக்கு இருவருக்கும் ஒரே நாட்டுக் குடியுரிமை வேண்டும், அதற்கு அவன் ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டும். தோற்று, மறுபடி எழுதித் தேறினான். 2018 பியோங்சாங்கில் குறும் ஆட்டத்தில் நான்காம் இடம். மறுநாள் நெடிய ஆட்டத்தில் 159.31 புள்ளி, அன்றைய உலகச் சாதனை, தங்கம். அது அவளுடைய ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஒற்றையர் ஆட்டத்தில் திறமை இருந்தால் ஒருவர் தனியாகவே வளரலாம். இணை ஆட்டத்தில் பாதி வாழ்க்கை மற்றவரைத் தேடுவதில் போகிறது. உயரம், எடை, சுபாவம், ஊர், நாடு, கடவுச்சீட்டு எல்லாம் ஒத்துவர வேண்டும். நம்மூரில் பொருத்தம் பார்ப்பது இதைவிட எளிது.

தளரும் மனங்களுக்கு இன்னொரு பெயரும் சொல்லிவைக்கிறேன். டியானா ஸ்டெல்லாட்டோ டுடெக், இடுப்புக் காயத்தால் பதின்வயதிலேயே ஒற்றையர் ஆட்டத்தை விட்டு, பதினாறு ஆண்டு வேறு வேலை பார்த்து, திரும்பி வந்து இணை ஆட்டம் கற்று, கனடாவுக்காக மக்ஸீம் டெஷாம்ப்போடு 2024இல் மான்ட்ரியாலில் உலகப் பட்டம் வென்றாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது.

2010இன் இரண்டு இணைகள்

பிப்ரவரி 2010, வான்கூவர். இணை ஸ்கேட்டிங்கில் 1964 முதல் சோவியத், ரஷ்ய இணைகளே ஒலிம்பிக் தங்கம் வாங்கிக்கொண்டிருந்தன. அந்த வரிசையைச் சீனாவின் ஷென் ஷூவே, ஜாவ் ஹோங்போ முறித்தார்கள். அவளுக்கு 31, அவனுக்கு 36. வெள்ளியும் சீன இணைக்கே. இரண்டு இணைகளின் பயிற்சியாளரும் ஒருவர்தான், யாவ் பின்.

யாவ் பின் யார்? 1980இல் டார்ட்மண்ட் உலகப் போட்டியில் சீனாவின் முதல் இணையாக லுவான் போவோடு ஆடிக் கடைசி இடம் பெற்றவர். சொல்லிக்கொடுக்க நாட்டில் ஆளில்லை. வெளிநாட்டு இணைகளின் புகைப்படங்களைப் பார்த்து அசைவுகளை ஊகித்துக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். அன்று அரங்கம் சிரித்ததையும் மறைக்கவில்லை. அந்தச் சிரிப்பிலிருந்து வான்கூவர் மேடைவரை சரியாக முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டும் அவருக்குத் தளம் இருந்தது, அரசாங்கம் இருந்தது, பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

நவம்பர் 2010, குவாங்சோ. ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல் முறையாகச் சக்கர ஸ்கேட்டிங் சேர்க்கப்பட்டது. கலை ஸ்கேட்டிங் இணைப் பிரிவில் இந்தியாவின் அனுப் குமார் யாமாவும் அவனி பாஞ்சாலும் வெண்கலம் வென்றார்கள். ஆண்கள் ஒற்றையர் பிரிவிலும் அனுப் குமாருக்கு வெண்கலம். ஹைதராபாத்துக்காரர். 2015இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. இந்தியாவில் இணை ஸ்கேட்டிங் வாழ்க்கை ஒன்று உண்டு என்றால், பன்னாட்டு மேடையில் பதக்கத்தோடு நின்றது என்றால், அது இந்த இருவருடையது. பனியில் இல்லை, எட்டுச் சக்கரத்தில்.

சக்கரத்தைப் பனிக்கு ஏழை மாற்று என்று நினைப்பவர்கள் ஒருமுறை காலில் மாட்டிப் பார்க்க வேண்டும். 1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் செய்த மாற்றம் சிறியது, விளைவு பெரியது. சக்கர ஜோடிகளைத் தாங்கும் அச்சுக்கு மேல் ரப்பர் மெத்தை வைத்தார். உடலைச் சாய்த்தால் அச்சும் திரும்பும், வளைந்து செல்லலாம். பனிக்கத்தியின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டும் அதனால் சக்கரத்துக்கும் வந்தன. விளிம்பு வந்ததும் எட்டுப் போடுதல், தாவல், சுழல், மரணச் சுழல்கூட வந்தது. காலணி பனியுடையதைவிடக் கனம். தரை கூடுதலாக இழுக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் கூடுதலாக உந்த வேண்டும். கலை ஸ்கேட்டிங்குக்கு 1947இலிருந்தே உலகப் போட்டி நடக்கிறது, முதலாவது வாஷிங்டனில். சக்கரத்திலிருந்து பனிக்குப் போனவர்களும் உண்டு. 1998 நாகானோவில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்ற டாரா லிப்பின்ஸ்கி சிறுமியாகச் சக்கரத்தில் தேசியப் பட்டம் வாங்கியவள்தான்.

குவாங்சோவுக்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. 2014 இஞ்சியோனில் சக்கர விளையாட்டே இல்லை. 2018 ஜகார்த்தாவில் வேகப் போட்டி மட்டும் திரும்பியது. ஹாங்சோவில் வேகப் போட்டியோடு, கூம்புகளுக்கிடையே வளைந்தோடும் ஸ்லாலோமும். தூக்கலும் எறிதலும் கொண்ட இணைப் பிரிவு திரும்பவில்லை. யாவ் பின்னுக்குத் தோற்றபின்பும் திரும்பிப்போக ஒரு மேடை இருந்தது. நம் இணைக்கு வென்றபின்பு மேடை காணாமல் போனது. அந்த வெண்கலத்தைப் பார்த்து எட்டு வயதில் ஷூ மாட்டிய பிள்ளைக்கு இன்று ஆசிய விளையாட்டு மேடை எது என்று யார் பதில் சொல்வது?

வேகம் வென்றது, கலை நின்றது

தமிழ்நாட்டுக்குச் சக்கரம் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற நால்வரில் ஆரத்தி கஸ்தூரி ராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் நம்மவர்கள். ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமார். சென்னைப் பையன். 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டில் 1000 மீட்டரில் வெண்கலம், அடுத்த மாதம் பெய்டைஹேயில் அதே தூரத்தில் உலகத் தங்கம். வேக ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர்.

அப்படியானால் வேகம் வந்த வழியில் கலை ஏன் வரவில்லை? வேகத்துக்குக் கடிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. சாலையிலும் பழகலாம், விடியற்காலையில் வண்டி வரும் முன். பயிற்சியாளர் ஒருவர் நாற்பது பிள்ளைகளை ஒரே வட்டத்தில் ஓட்டலாம். கலைக்கு வழுவழுப்பான தனித் தளம் வேண்டும், இசை வேண்டும், மதிப்பெண் தெரிந்த நடுவர் வேண்டும், நடனம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இணைக்கு அதற்கு மேலே, ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதை நேராகப் பேசிவிடுவது நல்லது. ஒரு பையன் ஒரு பெண்ணின் இடுப்பைப் பிடித்துத் தூக்கும் விளையாட்டுக்கு நம் வீடுகள் எளிதில் தலையசைக்காது. அந்தத் தயக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேவை: பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, பயிற்சி எல்லோரும் பார்க்கும் இடத்தில் நடக்கிறதா, பிள்ளை வேண்டாம் என்றால் நிறுத்துவார்களா? இவற்றுக்கு உறுதி கொடுக்கும் அமைப்பு முதலில் வர வேண்டும். பழைய வழி ஒன்றும் உண்டு. 1984 சரயேவோவில் அமெரிக்காவுக்கு இணை வெள்ளி வாங்கிய கிட்டி, பீட்டர் கர்ரதர்ஸ் இருவரும் ஒரே வீட்டில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த அண்ணன் தங்கை முறை உடன்பிறப்புகள். அண்ணன் தங்கை, அக்காள் தம்பி இணைகள் இந்த விளையாட்டில் புதிதல்ல. நம் வீடுகளுக்கு அது இயல்பான தொடக்கமாக இருக்கும்.

பனியில் தமிழ்ப் பெயரே இல்லையா? இருக்கிறது. தாரா பிரசாத் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்தவர். 2019இல் இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியாவுக்காக ஒற்றையர் ஆட்டம் ஆடுகிறார். 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாம் இடம். பயிற்சி எல்லாம் வெளிநாட்டில். இந்தியாவிலிருந்து ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் ஆடியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

வெப்ப நாடு என்பது இதற்குச் சாக்காகாது. ஃபிலிப்பைன்ஸும் வெப்ப நாடுதான். அங்கே வணிக வளாகத்துப் பனித்தளத்தில் கற்ற மைக்கேல் கிறிஸ்டியன் மார்டினெஸ் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 19ஆம் இடம் பிடித்தான், தென்கிழக்காசியாவின் முதல் ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டர். அதே நாட்டுக்காக இசபெல்லா காமெஸும் ரஷ்யரான அலெக்சாண்டர் கொரோவினும் இணையாக உலகப் போட்டிவரை போயிருக்கிறார்கள். ஒரு கடைத்தெருத் தளம் திறந்திருந்ததால் நடந்தது இது.

நம் நாட்டில் திறப்பதைவிடத் திறந்துவைத்திருப்பதே பாடு. டெஹ்ராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக ஒலிம்பிக் அளவில் உள்ளரங்கப் பனித்தளம் கட்டினார்கள். போட்டி முடிந்தது, இயக்கும் செலவைத் தாங்க முடியாமல் பல ஆண்டு பூட்டிக்கிடந்தது. இரவும் பகலும் குளிர்விப்பு இயந்திரம் ஓடியாக வேண்டும், ஒருநாள் நிறுத்தினால் பனி தண்ணீர். புதுப்பித்து, 2025 ஆகஸ்டில் அங்கே ஆசிய வேகப் பனிச்சறுக்குப் போட்டி நடந்தது. 2011இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது இருபத்து நாலு. இணை ஆட்டம் கற்க வேண்டிய வயது முழுவதும் அந்தப் பூட்டுக்குள் போய்விட்டது.

ஊட்டிக்கு எது பொருந்தும்

ஆகவே ஊட்டியில் பனித்தளம் கட்டச் சொல்லும் ஆசையை நான் ஆதரிக்கவில்லை. சுற்றுலாவுக்கு ஒரு குளிர்ப்பெட்டி வரும், இரண்டு கோடைக்குப் பின் மூடப்படும். நாம் கேட்க வேண்டியது கூரை போட்ட சக்கரத் தளம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். மரப்பலகையோ மெருகேற்றிய சிமெண்டோ. கூரை ஏன் என்றால், இங்கே தென்மேற்குப் பருவமும் நனைக்கும், வடகிழக்குப் பருவமும் நனைக்கும். மழையில்லாத நாளில் மேகம் இறங்கித் தரையில் ஈரம் பூசும். ஈரத் தரையில் சக்கரம் பிடிக்காது. அதன்மேல் ஒரு பெண்ணைத் தூக்குவது குற்றம். எனவே பக்கச் சுவரும் வேண்டும்.

மலையில் 800 சதுர மீட்டர் சமதளம் கிடைப்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் பந்து விளையாடவே சரிவில் ஓடுகிறார்கள். ஆனால் கூரையும் சமதளமும் சேர்ந்த கட்டடங்கள் இந்த மலையில் ஏற்கெனவே இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சை இலை வாட்டும் மேல்மாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனைக்காரர் கையை ஆட்டித்தான் பதில் சொல்வார், அவ்வளவு நீளம். பழைய மாடிகளில் தரை மரப்பலகை. இயங்காமல் நிற்கும் ஆலைகளும் உண்டு. நடுவே தூண்கள் வரும் என்பதால் தூக்கலும் எறிதலும் அங்கே கூடாது, தரை தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகள் விளிம்பும் வளைவும் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்.

தூக்கலை முதலில் தளத்தில் யாரும் கற்பதில்லை. வெறும் காலில், மெத்தை விரித்த தரையில், பலமுறை தூக்கி இறக்கியபின்தான் சக்கரத்துக்கோ பனிக்கோ போகிறார்கள். அந்த வெறுங்கால் பயிற்சிக்கு ஓர் அரசுப் பள்ளியின் உடற்பயிற்சிக்கூடம் போதும். மலையில் பிறந்து ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைகளுக்குக் காலும் மூச்சும் உரமாகவே இருக்கும், அதைத் தனியாக யாரும் தர வேண்டியதில்லை.

இரண்டு விஷயங்கள் கேட்கப்பட வேண்டும், கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நீலகிரி மாவட்ட நிர்வாகமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஊட்டியிலோ குன்னூரிலோ கூரை போட்ட ஒரு சக்கரத் தளம் தர வேண்டும், அதை ஆண்டு முழுதும் திறந்துவைக்கும் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். சக்கர விளையாட்டுக் கூட்டமைப்பு கலை ஸ்கேட்டிங் இணைப் பிரிவுக்கு ஆசிய விளையாட்டு மேடையைத் திரும்பக் கேட்க வேண்டும். குவாங்சோ வெண்கலத்துக்குப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. யாவ் பின்னுக்கு ஆனதில் பாதிக் காலம் நாம் ஏற்கெனவே இழந்தாயிற்று.

நீலகிரியில் பிள்ளை வளர்ப்பவர்களே, அடுத்த கிராமசபையில், அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இந்தத் தளத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நாற்பதுக்கு இருபது மீட்டர், மேலே கூரை.